வெல்டிங்குக்கு முன் பெயின்ட்டை எங்கே எடுப்பது, எதைக் கொண்டு எடுப்பது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கார். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து மிக் வெல்டிங்கில் (மெஷின் தானாக ஊட்டும் கம்பியை மின்பொறியில் உருக்கிப் பற்றவைக்கும் முறை) பற்றவைக்கப் போகிறீர்கள். சுற்றியுள்ள பெயின்ட்டை எவ்வளவு தூரம் எடுக்க வேண்டும், கிரைண்டர் போதுமா, பெயின்ட் ரிமூவர் பூசலாமா, கேஸ் டார்ச்சின் தீயால் சுட்டுவிட்டால் என்ன, எப்படியும் வெல்டிங் சூட்டில் எரியத்தானே போகிறது, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற பதில்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. பெயின்ட் எரியும், ஆனால் எரிந்ததும் காணாமல் போய்விடாது. காய்ந்த பெயின்ட் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். வெல்டிங்கின் மின்பொறியான ஆர்க்கின் சூடு பட்டதும் அது வாயுவாகவும் கரியாகவும் பிரிகிறது. உருகிக் குளமாக நிற்கும் இரும்புக்குள் அந்த வாயு புகுந்துகொள்கிறது. கனத்த இரும்பில் குளம் ஆறச் சிறிது நேரம் பிடிக்கும். குமிழி மேலே வந்து வெளியேற வாய்ப்பு உண்டு. காரின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். அதில் குளம் கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் வெல்டிங் வரி நன்றாகத்தான் இருக்கும். கிரைண்டர் வைத்து மட்டம் செய்ததும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அந்தத் துளைகள் வழியாக நீர் போகும். பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) பிரைமரும் மேலே மூடியிருந்தாலும் பின்பக்கத்திலிருந்து ஈரம் வரும், ஓராண்டுக்குள் வெல்டிங் வரி நெடுகப் பெயின்ட் கொப்பளிக்கும்.

காதும் இதைச் சொல்லிவிடும். சுத்தமான தகட்டில் மிக் வெல்டிங்குக்கு ஒரே சீரான பொரியல் சத்தம் உண்டு. பெயின்ட்டோ துருவோ இருந்தால் சத்தம் விட்டு விட்டு வெடிக்கும், ஆர்க் இடம் மாறி அலையும், பொறி எல்லாப் பக்கமும் தெறிக்கும். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பலர் செய்வது கரண்டைக் கூட்டுவது. அழுக்கைத் தாண்டிக் கரண்ட் பாய்ந்த நொடியில் தகடு உருகி ஓட்டை விழுகிறது. உடனே "தகடு மெல்லியதாகிவிட்டது", "மெஷின் சரியில்லை" என்று காரணம் தேடுகிறார்கள். நான் பார்த்த மட்டில், பாடி வெல்டிங்கில் வரும் குறைகளில் பெரும்பங்கு மெஷினாலோ கையாலோ வருபவை அல்ல. பற்றவைக்கும் முன் சுத்தம் செய்யாததால் வருபவை. அதிலும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யாததால்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் "எவ்வளவு தூரம்" என்று கேட்டீர்கள். தூரம் எளிது: வெல்டிங் வரியின் இரு புறமும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் அகலம். சூடு அதற்கு அப்பாலும் பரவும், பெயின்ட் சற்றுப் பழுக்கும்; ஆனால் புகைந்து குளத்துக்குள் வராது. ஆனால் எத்தனை முகங்கள் என்பதைத்தான் பலர் எண்ணுவதில்லை. பழைய தகட்டுக்கு ஒரு முன்முகம், ஒரு பின்முகம். புதுத் தகட்டுக்கும் அப்படியே இரண்டு. ஆக நான்கு. அத்துடன் இரண்டு வெட்டு விளிம்புகள். தகட்டின் மேல் தகடு ஏறி உட்காரும் இணைப்பாக இருந்தால், நடுவில் ஒன்றோடொன்று படும் இரண்டு முகங்கள்தான் மிக முக்கியம். அங்கே அடைபட்ட பெயின்ட்டின் புகை வெளியேறக் குளத்தைத் தவிர வேறு வழி இல்லை.

என் ஆரம்ப காலத்தில் ஒரு மட்கார்டின் அடிப்பகுதியில் ஒட்டுப் போட்டேன். வெளிப்பக்கத்தை வெள்ளி போல் பளபளவென்று தேய்த்தேன். உட்பக்கம் கை போகவில்லை என்று விட்டுவிட்டேன். உள்ளே அண்டர்கோட் (வண்டியின் அடிப்பக்கத்தில் துரு வராமல் பூசும் பூச்சு) தார் போல் தடித்துக் கிடந்தது. வெல்டிங் முழுக்கப் புகை, ஒரு முறை உள்ளே தீயும் பற்றியது. ஈரத் துணி வைத்து அணைத்தேன். வேலை முடிந்து பெயின்ட் அடித்த பிறகு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு அந்த வண்டி திரும்பி வந்தபோது ஒட்டின் விளிம்பு நெடுகத் துரு. நான் வைத்த தகடு நன்றாக இருந்தது; அதைச் சுற்றி அரை விரல் அகலத்துக்குப் பழைய தகடு செல்லரித்திருந்தது. உள்ளே பெயின்ட் எரிந்து பாதுகாப்பை இழந்த இடம் அது. அன்றிலிருந்து பின்பக்கம் எட்டாத இடத்தில் வெட்டுக்கோட்டையே மாற்றிப் போடுகிறேன். கையோ சிறு பிரஷ்ஷோ நுழையும் இடமாகப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

இனி, நீங்கள் எடுக்கப்போவது என்ன என்று பார்ப்போம். தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில், பல வண்டிகளில், துத்தநாகப் பூச்சு, பெரும்பாலும் இரு பக்கமும். அதன்மேல் பாஸ்பேட் படலம். பிறகு வண்டியின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றும் பிரைமர், ஏறத்தாழ 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு மேல் இன்னொரு பிரைமர், நிறம், கடைசியில் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை. அளக்கும் மீட்டர் 300-ஐத் தாண்டிக் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்த இடம். 1000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. மீட்டர் இல்லையென்றால் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். பட்டியை வெல்டிங் வரிக்கு அருகில் விடவே கூடாது. சூட்டில் அது பொங்கி, பிடி விட்டுப்போய், பிறகு எப்போதோ பாளம் பாளமாக விழும். பட்டி இருக்கும் இடத்தில் 25 மில்லிமீட்டர் கணக்கு செல்லாது. பட்டி முடியும் வரை எடுத்துவிடுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதல் வேலை கிரைண்டர் அல்ல, கழுவுவது. மெழுகு, எண்ணெய், சிலிக்கோன் பாலிஷ் எல்லாம் பெயின்ட்டின் மேல் இருக்கும். அப்படியே டிஸ்க் வைத்தால் அவற்றைச் சூட்டோடு தகட்டின் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுவீர்கள். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, கிரீஸ் நீக்கியால் ஒரு துணியில் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியில் திரும்பத் திரும்பத் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

பழைய தகட்டைப் பிரிக்க ஸ்பாட் வெல்டிங் (தகடுகளை அழுத்திக் கரண்ட் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) புள்ளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? பெயின்ட் எடுக்கும் வேலையே அதற்கும் உதவும். அடி விளிம்பில் மரக்கட்டையில் 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி மேலோட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். ஸ்பாட் புள்ளிகள் சிறு குழியாக இருப்பதால் சுற்றிலும் இரும்பு வெளுத்துவிடும், குழிக்குள் மட்டும் பெயின்ட் வட்ட வட்டமாக நிற்கும். பொட்டு வைத்தது போல் வரிசையாகத் தெரியும். அவற்றைத் துளையிட்டுப் பிரித்த பிறகு, உள்ளே நிற்கும் விளிம்பில் அதே சுத்தத்தைத் தொடருங்கள்.

இப்போது கருவிகள். நான் முதலில் கையில் எடுப்பது ஸ்ட்ரிப் டிஸ்க்: கெட்டியான பஞ்சு போல் துளை துளையாக இருக்கும், நைலான் இழைகளில் உராய்வுத் துகள் ஒட்டிய வட்டு. பெயின்ட்டையும் மேலோட்டத் துருவையும் உரித்தெடுக்கும், இரும்பை அதிகம் தின்னாது, சூடும் குறைவு. துளைகள் இருப்பதால் எளிதில் அடைக்காது. ஆனால் தார் போன்ற அண்டர்கோட்டிலும் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் போன்ற சீலரிலும் வைத்தால் சில நொடிகளில் வழவழப்பாகி வீணாகிவிடும். அவற்றை முதலில் வேறு வழியில் எடுக்க வேண்டும். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தைப் பாருங்கள். சிறிய கிரைண்டர்கள் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை போகும். வேகம் மாற்றும் வசதி இருந்தால் குறைத்தே ஓட்டுங்கள். மெதுவாக ஓடினால் உரியும், வேகமாக ஓடினால் பெயின்ட் உருகி இழுபடும்.

ஃபிளாப் டிஸ்க்கும் (உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய வட்டு) கல் டிஸ்க்கும் எல்லோரிடமும் இருக்கின்றன, அதனால்தான் எல்லோரும் அவற்றையே வைக்கிறார்கள். கல் டிஸ்க்கைப் பெயின்ட் எடுக்க வைக்காதீர்கள். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் 0.2 போய்விட்டால் கால் பங்கு போய்விட்டது. அதை மீட்டுத் தர யாராலும் முடியாது. அந்த மெல்லிய இடத்தில்தான் பிறகு வெல்டிங் ஓட்டை விழும். ஃபிளாப் டிஸ்க் வேண்டுமானால் 80 நம்பருக்குக் குறையாமல், படுக்கை வாட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல். தகடு நீலம் பாய்ந்தால் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள். அகன்ற தட்டையான தகட்டில் அந்தச் சூடே போதும், நடுவில் உப்பி, தட்டினால் டொக் டொக் என்று உள்ளே போய் வெளியே வரும். மூலைகள், மடிப்புகள், அடி விளிம்பின் உட்பக்கம் ஆகியவற்றுக்கு விரல் அகலப் பட்டை ஓடும் சிறு பெல்ட் சாண்டரை மிஞ்சிய கருவி எனக்குத் தெரியாது.

வயர் பிரஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் சீலரையும் அண்டர்கோட்டையும் நன்றாக வாரி எடுக்கும். துருவை அது எடுப்பதில்லை, மெருகேற்றுகிறது. குழிக்குள் இருக்கும் துரு, கம்பி உரசி உரசிப் பழுப்பு கலந்த கருமையில் மினுங்கும். இரும்பு வந்துவிட்டது என்று கண் ஏமாந்துவிடும். ஐயம் வந்தால் அந்த இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உண்மையான இரும்பு வெண்மையாகத் தெரியும், துரு புள்ளி புள்ளியாகக் கறுத்தே நிற்கும். அந்தப் புள்ளிகள் ஆழமாக இருந்தால் சுத்தம் செய்து மாளாது. வெட்டுக்கோட்டை நல்ல தகடு வரும் வரை தள்ளிப் போடுங்கள். துருத் தகட்டில் நல்ல வெல்டிங் போட முடியாது. இதில் எவ்வளவு மன்றாடினாலும் இரும்பு இறங்கி வராது. கம்பி பிரஷ்ஷில் இன்னொன்று: உதிரும் கம்பிகள் ஊசி போல் பறக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதையும் மூடும் கவசம் வேண்டும். தளர்ந்த சட்டையும் நூல் பிரிந்த கையுறையும் சுழலும் கம்பியில் சிக்கினால் கையையே இழுத்துக்கொள்ளும்.

அண்டர்கோட்டையும் இணைப்புகளில் உள்ள சீலரையும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, உளி அல்லது தகட்டுச் சுரண்டியால் சுருட்டி எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இளகும் அளவு சூடு போதும், புகையத் தொடங்கினால் கை மீறிவிட்டது. பல அண்டர்கோட்டுகளும் சீலர்களும் பிவிசி கலந்தவை. அவை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும், சுற்றியுள்ள வெறும் இரும்பையும் அரிக்கும்.

அதனால்தான் டார்ச் வேண்டாம் என்கிறேன். டார்ச்சின் நெருப்பு மெல்லிய தகட்டை நெளித்துவிடும். பெயின்ட் சாம்பலாகிக் கீறல்களில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தேய்த்து எடுக்க மறுபடியும் டிஸ்க்தான் வேண்டும். இரண்டு பொருள் கலந்து அடித்த பாலியூரித்தேன் பெயின்ட் எரிந்தால் ஐசோசயனேட் வெளிவரும். அது சிலருக்கு வாழ்நாள் முழுக்க விடாத ஆஸ்துமாவைத் தந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வேலை செய்வது உள்ளே குடைவான பெட்டிப் பகுதியில். அதற்குள் மெழுகு, சத்தம் அடக்கும் ஃபோம், பல வண்டிகளில் வயரிங், சிலவற்றில் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். உள்ளே பற்றும் தீ கண்ணுக்குத் தெரியாமல் நகரும், நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் புகை வரும்போதுதான் தெரியும்.

பெயின்ட் ரிமூவர் கெட்ட பொருள் அல்ல, ஆனால் அது வண்டியிலிருந்து கழற்றி வைத்த தனிப் பாகத்துக்கு உரியது. வண்டியில் பொருத்திய நிலையில், இணைப்புகளுக்கு அருகில் பூசினால், தகடுகளுக்கு இடையே அது ஊறி இறங்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. நீங்கள் வெல்டிங் செய்யும்போது அது ஆவியாகும். தப்பியது பின்னாளில் மெதுவாகக் கசிந்து, புதிதாக அடித்த பெயின்ட்டை விளிம்பிலிருந்து உரித்துவிடும். கதவின் ஓரத்தில் தகடு மடித்து அழுத்திய இடத்துக்கு அருகில் போகவே கூடாது. தனிப் பாகத்திலும் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் டேப் ஒட்டி விட்டுவிட்டு, அந்த ஓரத்தைக் கையால் தேய்த்து எடுங்கள். பழைய வகை ரிமூவர்களில் டைகுளோரோமீத்தேன் (இன்னொரு பெயர் மெத்திலீன் குளோரைடு) உண்டு. சுவாசத்தில் போனால் உடலுக்குள் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அதைக் கொண்டு வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் இந்தப் பொருள் உள்ள ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே கட்டுப்படுத்திவிட்டது. டப்பாவில் இந்தப் பெயர் இருந்தால் வைத்துவிட்டு வேறு வகையைத் தேடுங்கள். சாதாரண ரப்பர் கையுறையை அது நிமிடங்களில் ஊடுருவும்.

மணல் வீச்சு துருக்குழிகளுக்கு நல்லது, அடிச்சட்டம் போன்ற கனத்த பாகங்களுக்கு மிக நல்லது. அகன்ற வெளித்தகட்டுக்கு ஆகாது. தகடு நெளிவது சூட்டால் என்று பலர் நினைக்கிறார்கள். துகள்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஆயிரக்கணக்கான சிறு சுத்தியல்கள் போல் அடித்து விரிப்பதால்தான் பெரும்பாலும் நெளிகிறது. பெட்டிப் பகுதிக்குள் புகுந்த மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

துத்தநாகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயின்ட்டையெல்லாம் எடுத்த பிறகு மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் அது துத்தநாகம். அதன் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ். இரும்பு உருகுவதோ 1,500-ஐ ஒட்டி. அதாவது இரும்பு உருகுமுன்பே துத்தநாகம் கொதித்து ஆவியாகி, பெயின்ட் செய்யும் அதே வேலையைக் குளத்துக்குள் செய்கிறது. மிக் வெல்டிங் வரி விழும் இடத்தில் மட்டும் அதை எடுங்கள், சில மில்லிமீட்டர் போதும். அதற்கு அப்பால் விட்டுவிடுங்கள். துருவைத் தடுக்க அதைப் போல் ஒன்று இல்லை. பளபளப்பு வரும் வரை தேய்க்க வேண்டும் என்ற ஆசையில் கையகலத்துக்குத் துத்தநாகத்தைச் சுரண்டி எறிபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஸ்பாட் வெல்டிங் என்றால் துத்தநாகம் இருக்கலாம், பெயின்ட் மட்டும் நான்கு முகத்திலும் போயிருக்க வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, கரண்டே பாயாது. துத்தநாகப் புகையை இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் பரவலாக உண்டு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. காற்றோட்டமும் உலோகப் புகைக்கு ஏற்ற வடிகட்டியுள்ள முகமூடியும்தான் காப்பு.

நீங்கள் வாங்கும் புதுத் தகட்டின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். "இது பிரைமர்தானே, மேலேயே பற்றவைக்கலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். வெல்டிங் இடத்தில் அதையும் இரு முகத்திலும் எடுக்க வேண்டும். மீதிப் பகுதியில் அதை வைத்துக்கொள்ளலாமா என்று அறிய, தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு துணியில் கரைந்து வந்தால் அது கடை வரை துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய தற்காலிகப் பூச்சு, முழுவதையும் எடுத்துவிடுங்கள். அசையாமல் நின்றால் நல்ல பிரைமர், மேலே லேசாகத் தேய்த்து அப்படியே பெயின்ட் அடிக்கலாம்.

இப்போது உயிர் தொடர்பான ஒன்று. தேய்த்து முடித்ததும் கடைசியாகத் துடைக்கப் பலர் கையில் எடுப்பது பிரேக் கிளீனர். வேகமாகக் காய்கிறது, எண்ணெயை நன்றாக எடுக்கிறது. பிரேக் கிளீனரில் இரண்டு வகை உண்டு: குளோரின் கலந்த கரைப்பான் உள்ளது, இல்லாதது. குளோரின் உள்ளதன் ஈரமோ ஆவியோ அருகில் இருக்கும்போது ஆர்க் மூட்டினால், சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து அதை ஃபாஸ்ஜீனாக மாற்றக்கூடும். முதல் உலகப்போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்டது அதுதான். சிறிய அளவே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும், அதுவும் பல மணி நேரம் கழித்து, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று வீட்டுக்குப் போன பிறகு. டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு போன்ற பெயர்கள் இருந்தால் வெல்டிங் செய்யும் இடத்துக்குள்ளேயே அதைக் கொண்டுவராதீர்கள். அசிட்டோன் போதும். அதுவும் தீப்பற்றும் பொருள். துடைத்து, முழுக்க ஆவியாக விட்டு, டப்பாவையும் துணியையும் தொலைவில் வைத்த பிறகுதான் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும். பெட்டிப் பகுதிக்குள் ஆவி தேங்கி நிற்கும், அங்கே சில நிமிடம் கூடுதலாகக் காத்திருங்கள்.

தூசியும் எளிதானதல்ல. உங்கள் வண்டியின் வயதுக்கு ஈயப் பிரச்சினை குறைவு. அதைவிட மிகப் பழைய வண்டிகளில் பெயின்ட்டில் ஈயமும், பழைய ராணுவ வண்டிகளின் பிரைமரில் நச்சான குரோமேட்டும் இருக்கலாம். சில பழைய கார்களில் இணைப்புகளைப் பட்டிக்குப் பதில் ஈயத்தாலேயே நிரப்பியிருப்பார்கள். கத்தியால் கீறினால் மென்மையாக, வெள்ளி போல் மினுங்கும். அத்தகைய இடத்தில் உலர் தேய்ப்பு கூடாது. நீர் தொட்டுக் கையால் தேய்த்து, கழிவைத் துடைத்து மூடிக் கட்டுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் துகளைத் தடுக்கும் முகமூடி இல்லாமல் டிஸ்க்கை ஓட்டாதீர்கள், தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.

தொடங்குமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, ஏர்பேக் இருந்தால் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். கம்பளத்தையும் இருக்கையையும் எடுத்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிகளைத் தீப்பிடிக்காத விரிப்பால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் உருகிப் பதிந்துவிடும், எந்தப் பாலிஷாலும் போகாது. எர்த் கிளாம்புக்கும் (கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் வயரின் கவ்வி) ஒரு இடத்தில் பெயின்ட் எடுக்க வேண்டும், வெல்டிங்குக்கு மிக அருகில், அதே தகட்டில். வரியைச் சுத்தம் செய்துவிட்டு எர்த்தைப் பெயின்ட் மேல் மாட்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தகட்டின் வகையையும் பாருங்கள். உங்கள் பெட்டிப் பகுதியின் வெளித்தகடு சாதாரண இரும்பாக இருக்கலாம், ஆனால் புதிய வண்டிகளில் உட்பக்க வலுவூட்டலும் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணும் அதிவலு எஃகு. சில 1,500 மெகாபாஸ்கல் வலுவுள்ளவை. கிரைண்டரின் சூடே அவற்றின் குணத்தைக் கெடுக்கும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில், குறித்த முறையில் தவிரத் தொடக் கூடாது. அலுமினியம் என்றால் கதையே வேறு. அதற்குத் தனி டிஸ்க், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பிரஷ் தனியாக. இரும்பில் ஓடிய பிரஷ்ஷை அதில் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து அரிப்பு தொடங்கும். பெயின்ட் போன பிறகும் அதன் மேல் ஆக்சைடு படலம் நிற்கும். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அடியில் உள்ள அலுமினியமோ 660-இலேயே உருகிவிடும். எனவே பற்றவைக்கும் அன்றே பிரஷ் போட வேண்டும்.

ஒன்றின்மேல் ஒன்று படும் முகங்களில், இனி யாராலும் எட்ட முடியாது என்பதால், துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமரை மெல்லியதாக ஒரே கோட் அடியுங்கள். "அதன் வழியாக வெல்டிங் செய்யலாம்" என்று டப்பா சொல்லும். ஸ்பாட் வெல்டிங்குக்கு அது சரி. துளையிட்டு நிரப்பும் மிக் வெல்டிங்கில், துளைக்குள் தெரியும் அடித்தகட்டிலிருந்து பிரைமரைச் சிறு பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிடுங்கள். நல்ல சத்தம் வருவதிலேயே வேறுபாடு தெரியும். தடிமனாக அடித்தால் பெயின்ட்டை எடுத்த பாடெல்லாம் வீண்.

வெறும் இரும்பைக் கையால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடம் மறுநாள் விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும். இன்று தேய்த்து அடுத்த வாரம் பற்றவைக்கும் திட்டம் வேண்டாம். ஒரு நாளில் எவ்வளவு பற்றவைக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் பெயின்ட்டை எடுங்கள். முழு வரிக்கும் பதிலாக முதலில் ஒரு சாண் நீளம் நான்கு முகமும் சுத்தம் செய்து, அதே தடிமன் துண்டுத் தகட்டில் கரண்டைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெல்டிங் முடிந்து ஆறியதும் வரியை மட்டம் செய்து, பின்னால் ஒரு விளக்கை நுழைத்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். துளை இல்லை என்று உறுதியான பிறகு வெளியே எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர். வெளிப் பெயின்ட் வேலை முழுக்க முடிந்ததும், நீண்ட குழாய் வைத்து உட்பக்கம் நெடுகக் குடைவு மெழுகைப் பீய்ச்சுங்கள். கீழே உள்ள வடிகால் துளைகள் வழியாக அது சொட்டினால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. சொட்டி முடித்ததும் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள்.